அம்மா கையில் கட்டாத துணி

மேடையில் பேசியவர் பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். துறைமுகத்துக்கு லாரிகள் விடுகிறவர், ஆள் வாட்டசாட்டம். மைக்கைப் பிடித்தவர் இரண்டாவது வரியிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். “ஃபாதருக்குன்னு ஒரு குடும்பம் கிடையாது. பொண்டாட்டி புள்ள கிடையாது. நாமதான் அவருக்குக் குடும்பம்” என்றார். பந்தலே எழுந்து நின்று கைதட்டியது. மூன்றாவது வரிசையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பாவம், கிழவிக்கு முழங்கால் வலி என்று பக்கத்து நாற்காலிக்காரர் நினைத்திருப்பார். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. மேடையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அந்தச் சாமியாருக்கு நான் கூடப்பிறந்த தங்கை.

அவர் அந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகக் கால் வைத்து ஐம்பது வருஷம் ஆனதற்கான விழா அது. லாரிக்காரர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “பெத்த அம்மா செத்த அன்னிக்கும் பப்ளிக் பரீட்சையை நடத்தி முடிச்சிட்டுத்தான் போனாரு. அம்மா கையில கட்டறதுக்கு ஒண்ணும் இல்லாம, பரீட்சைக் கட்டுக்கு வச்ச அரக்கு ஒட்டின கைக்குட்டையை எடுத்துக் கட்டினாரு. அப்பேர்ப்பட்ட மனுஷன்” என்றார். பந்தலில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். அம்மா கையில் கட்டுவதற்கு ஏன் ஒன்றும் இல்லாமல் போயிற்று என்பது அந்தப் பந்தலில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழா முடிந்து ஆட்கள் வரிசையாகப் போய் அவரைப் பார்த்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவன், ஐம்பது வயதிருக்கும், தலை நரைத்தவன். அவனைக் கண்டதும் அண்ணன் முகம் மலர்ந்துபோயிற்று. “இன்னா நைனா, தொப்ப போட்டுகினு கீற? உங்கம்மா கால் வலி எப்டி கீது?” என்று அவன் வயிற்றில் ஒரு குத்து குத்தினார். அடுத்தது நான். அண்ணன் இரண்டு கைகளையும் கூப்பினார். “வாங்கம்மா. நலமாக இருக்கிறீர்களா? உங்களுக்காகச் செபிக்கிறேன்” என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. ராயபுரத்தில் ஒரே அறையில், ஒரே பாயில், ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ‘இன்னா’வும் ‘கீது’வும் எங்கள் வீட்டுப் பேச்சு. அதையெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டு, எனக்குப் பிரசங்கத் தமிழை நீட்டுகிறார். வேண்டியது எனக்கு ஒன்றே ஒன்றுதான். அவர் ஒரு நாள், சாமியாராக இல்லாமல், அண்ணனாக என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பழைய மாதிரி என்னை ‘இன்னாடி’ என்று கேட்க வேண்டும். எழுபத்தொரு வயதில் இது ஒரு ஆசையா என்று கேட்டால், ஆமாம், இதுதான் ஆசை.

எனக்கு அண்ணி கிடையாது என்று ஊர் சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்? என் அண்ணி நாலு மாடி, காரை பூசின சுவர், இரண்டு கேட். ராயபுரத்தில் இருக்கிறாள். ஐம்பது வருஷமாக அண்ணனை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். காலை ஏழே முக்காலுக்கு முதல் மணியை அவர்தான் அடிக்க வேண்டும். பியூன் அடித்தால் பையன்கள் வேகமாக வரமாட்டார்களாம். கேட்டில் நின்று ஒவ்வொருத்தன் முகத்தையும் பார்த்து, எவன் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பார். காசிமேட்டுப் பையன் எவனாவது இரண்டு நாள் வரவில்லையென்றால் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விடுவார். படகு கரைக்கு வரும்வரை காத்திருந்து, இறங்குகிறவனைச் செதில் ஒட்டின கையோடு பிடித்து வகுப்புக்கு இட்டுவருவார். தலைமையாசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினேழு வருஷம் ஆகிறது. இன்னும் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை போட்டுக்கொண்டு, கணக்கில் தோற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். எழுபத்தைந்து வயது. நல்ல காரியம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காசிமேடு வரைக்கும் சைக்கிள் மிதிக்கிற கால் காலடிப்பேட்டையில் இருக்கிற என் வீட்டுக்கு வராதா?

எல்லாவற்றுக்கும் முதலில், அவர் எப்படிப்பட்ட அண்ணனாக இருந்தார் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். சம்பள நாளில் நெத்திலி வறுப்பாள் அம்மா. அதில் பாதி, தட்டுக்கு வருவதற்கு முன்பே என் வாய்க்குள் போய்விடும். அம்மா கேட்டால் பூனை தின்றது என்பேன். அண்ணன் சிரிப்பார். பொய் சொல்லும்போது என் இடது கை தானாகப் போய் இடது காதைத் தடவும். அதைக் கண்டுபிடித்தது அவர்தான். அம்மாவிடம் சொல்லிக்கொடுக்க மாட்டார். “பூன காதத் தடவிகினு கீது பாரு” என்று என் காதோடு சொல்லிவிட்டுத் தன் பங்கிலிருந்து இரண்டு நெத்திலியும் எடுத்துப் போடுவார். என்னை ‘பாப்பா’ என்று கூப்பிட்ட ஒரே ஆள்.

பத்தாவது முடித்ததும் குருமடத்துக்குப் போய்விட்டார். நான் பன்னிரண்டு வயதுப் பெண். வாசற்படியில் உட்கார்ந்து மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தேன். அப்பா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது. துறைமுகத்தில் வாரிசு வேலை கொடுத்தார்கள். மகனுக்குப் போக வேண்டிய வேலை. மகன்தான் சாமியாராகப் போகிறாரே! நான் டைப்பிங் கற்றுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். நாற்பது வருஷம் கப்பல் வருகிற போகிற கடிதங்களை அடித்தேன். கல்யாணம் தள்ளிப்போயிற்று. அம்மாவைக் கடைசிவரை வைத்துக்கொள்ளச் சம்மதித்த ஒருவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றதில் முப்பது தாண்டிவிட்டது. அந்த நல்ல மனிதரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இதையெல்லாம் யாரும் மேடை போட்டுச் சொன்னதில்லை.

அண்ணனுக்குக் குருப்பட்டம் கொடுத்த நாளில்தான் அந்தத் துணி எங்கள் வீட்டுக்கு வந்தது. குருப்பட்டத்தின்போது ஆயர் புதுச் சாமியாரின் உள்ளங்கைகளில் பரிசுத்த எண்ணெய் பூசுவார். பூசிய கைகளை ஒரு வெள்ளைத் துணியால் கட்டுவார்கள். பூசை முடிந்ததும் அந்தத் துணியை அவர் தன் தாயிடம் கொடுத்துவிடுவார். தாய் அதைப் பத்திரமாக வைத்திருந்து, அவள் இறக்கும்போது சவப்பெட்டியில் அவள் கைகளில் கட்டி அனுப்ப வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா அதைப் பிஸ்கட் டப்பாவில் வைத்தாள். அன்றைக்கே எனக்கு ஒரு சட்டமும் போட்டாள். “இனிமே அவரு சாமி. வாங்க, போங்கன்னுதான் பேசணும். சாமியப் போயி நீ வான்னு கூப்ட்டா வாய் அழுகிப்பூடும்டி” என்றாள். பெற்றவளே மகனை “வாங்க சாமி” என்றாள். அண்ணனும் மறுக்கவில்லை. அந்த ஒரே நாளில் எனக்கு அண்ணன் போனார், ஒரு சாமியார் வந்தார்.

அம்மா என்னோடுதான் இருந்தாள். நான் போட்ட சோறு, நான் வாங்கிய மாத்திரை, நான் தேய்த்துவிட்ட முதுகு. வாயைத் திறந்தால் சாமி, சாமி. யார் வீட்டுக்கு வந்தாலும் பிஸ்கட் டப்பா வெளியே வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பாய் வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்தவர், அவரிடமும் காட்டினாள். அவர் பக்தியோடு தொட்டுப் பார்த்துவிட்டு, “நல்ல காட்டன் மா” என்றார். அம்மா எல்லாரிடமும் ஒரே வசனம்தான் சொல்வாள்: “நான் போறப்ப ரெண்டு கையயும் சேத்து இதால கட்டிடுங்க. மேல போனா இன்னா கொண்டாந்தேன்னு கேப்பாங்கல்ல, இதக் காட்டுனா கதவு தொறந்துடும்.”

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். “அப்போ என்னப் பெத்ததுக்குக் கதவு தொறக்காதா?”

அம்மா என்னை அதிசயமாகப் பார்த்தாள். “நீ இன்னாடி, நீ இங்கதான கீற” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வஞ்சிரத்தில் நடுத்துண்டை எடுத்து மூடி வைப்பாள். சாமி வந்தாலும் வருவாராம். சாமி வரமாட்டார். போன் போட்டால், “பரீட்சை முடியட்டும், வரேன்” என்பார். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல், செய்முறை, பொதுத்தேர்வு. பன்னிரண்டு மாதத்தில் பரீட்சை இல்லாத மாதம் எது என்று நான் காலண்டரை வைத்துத் தேடியிருக்கிறேன். தப்பித்தவறி வந்தாலும் பத்து நிமிஷம். அம்மாவுக்கு நற்கருணை கொடுத்துவிட்டு, நின்றபடியே எங்களை ஆசீர்வதித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். அந்த நடுத்துண்டைச் சாயங்காலம் அம்மா பிள்ளை மாதிரி பார்த்துவிட்டு எனக்குப் போடுவாள். எனக்கு இறங்குமா அது? பிடிவாதமாகத் தின்பேன்.

என் பெண் பெரியவளானபோது நான் நேரிலேயே போய்ச் சொன்னேன். தாய்மாமன் நின்று மாலை போட வேண்டும், பெண்ணுக்கு இருப்பது ஒரே மாமன் என்று கெஞ்சினேன். வருவதாகச் சொன்னார். அன்று காலை பள்ளியில் ஏதோ ஆய்வு என்று அதிகாரிகள் வந்துவிட்டார்கள். பதினொரு மணிக்கு ஆட்டோவில் இறங்கியது பள்ளிக்கூடத்துப் பியூன். கையில் தட்டு, தட்டில் பட்டுப்பாவாடை, பூ, பழம். காக்கி உடுப்போடு வந்து, “சாமி குடுத்துட்டு வரச் சொன்னாரு” என்றான். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. என் நாத்தனார், “மாமன் சீரு தபால்ல வந்துட்டுதாம்மா?” என்று சத்தமாகவே கேட்டாள். அம்மா மட்டும் அந்தப் பாவாடையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்குத்தான் அந்தப் பள்ளிக்கூடத்தை நான் முழுமனதோடு வெறுத்தேன். இரண்டு தடவை அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. இரண்டு தடவையும் கோயிலில் பெரிய மெழுகுவர்த்தியாக வாங்கி ஏற்றினேன். இரண்டு தடவையும் பழைய மாணவர்கள் ஆயர் இல்ல வாசலில் போய் உட்கார்ந்து அவரை மீட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். மெழுகுவர்த்தி வீண்.

அம்மா இறந்தது பதினெட்டு வருஷத்துக்கு முன், ஒரு மார்ச் மாதம். விடிகாலை ஆறு மணிக்கு, காப்பித் தம்ளர் கையில் இருக்க, தலை சாய்ந்துவிட்டது. நான் பள்ளிக்குப் போன் போட்டேன். அன்று பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. அண்ணன்தான் அந்த மையத்துக்குப் பொறுப்பு. வினாத்தாள் கட்டைப் பிரிப்பதிலிருந்து விடைத்தாள் கட்டுக்கு அரக்கு வைத்து அனுப்புவது வரை அவர் கையெழுத்து வேண்டும்.  போனில் சொன்னார்: “பரீட்சை முடியட்டும், வரேன்.”

அந்த வாக்கியத்தை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்டது வேறு. போனை வைத்துவிட்டு அம்மாவைக் குளிப்பாட்டினேன். கல்யாணப் புடவை கட்டினேன். பெட்டியும் வந்தது. அடக்கம் ஐந்து மணிக்கு. மூன்று மணி வாக்கில் பங்குக் கோயிலிலிருந்து வந்த பெண்கள், “அந்தத் துணிய எடுத்தாம்மா, கையில கட்டணும்” என்றார்கள்.

உள்ளே போனேன். பீரோவைத் திறந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். மூடியைத் திறந்ததும் அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த எண்ணெய் வாசனை லேசாக வந்தது. துணியில் மஞ்சளாக இரண்டு கறை. உன் மகன் எங்கேம்மா, என்று கேட்டேன். இந்தத் துணியைக் காட்டினால் உனக்குக் கதவு திறக்கும். ஆறு மணியிலிருந்து உன்னைத் தொட்டுக் கழுவித் தூக்கிக் கிடத்திய கைக்கு அங்கே எந்தக் கதவும் திறக்காது. அப்படித்தானே? அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கோபம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், பொறாமை. செத்துக் கிடக்கிற அம்மாவிடம், ஐம்பத்து மூன்று வயதில், நெத்திலிக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு வருகிற பொறாமை.

துணியை மடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். பிரஷர் குக்கரைத் திறந்து உள்ளே வைத்து மூடினேன். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. குக்கரை யார் திறக்கப்போகிறார்கள்?

நாலரைக்கு அண்ணன் வந்தார். வெள்ளை அங்கி முழுக்க வியர்வை. பெண்கள் அவரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்து, “துணி எங்கேம்மா?” என்றார். கூடப்பிறந்தவளுக்கு அந்த ‘அம்மா’ வேறு.

“தேடினேன். கிடைக்கல” என்றேன்.

அவர் அங்கிப் பைக்குள் கைவிட்டுத் தன் கைக்குட்டையை எடுத்தார். சிவப்பு அரக்கு அங்கங்கே சொட்டிக் காய்ந்திருந்தது. அதால் அம்மாவின் கைகளைக் கட்டிவிட்டு அப்படியே பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் ஓவென்று அழுதார்கள். “பாடுபட்ட துணியையே பெத்தவளுக்குக் கட்டிவுட்டாரே!” என்றாள் ஒருத்தி. அது அன்று சாயங்காலமே ராயபுரம் முழுவதும் பரவிவிட்டது. பார்த்துக்கொள்ளுங்கள், திருடியது நான், பெயர் வாங்கியது அவர். என் பொறாமைகூட அவருக்குத்தான் உதவியது.

மறுநாள் குக்கரிலிருந்து துணியை எடுத்து மறுபடி டப்பாவில் வைத்துப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் தள்ளினேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. ராத்திரி கனவில் அம்மா கதவுக்கு வெளியே நின்றாள் என்றெல்லாம் சொல்லமாட்டேன். கனவே வரவில்லை, தூக்கம் வந்தால்தானே கனவு. பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம் என்றால், வடசென்னைச் சாமியார்களில் பாதிப்பேர் அந்தப் பள்ளியில் படித்தவர்கள். தெரிந்த ஆள் வேண்டாம் என்று ஒரு தவக்காலத்தில் எண்ணூர் வரை பஸ் பிடித்துப் போய், முன்பின் தெரியாத கோயிலில் மண்டியிட்டேன். “சாமி, ஒரு பெரிய பாவம்” என்று ஆரம்பித்தேன். வலைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு இளம் குரல், “நீங்க ஃபாதரோட தங்கச்சிதானம்மா? அவருதான் எனக்குப் பத்தாவதுல கணக்கு எடுத்தாரு. அவர் இல்லன்னா நான் இன்னிக்கு வலை இழுத்துக்கினு இருந்திருப்பேன்” என்றது. மருமகனிடம் இரண்டு தடவை கோபப்பட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்படிப் பதினெட்டு வருஷம் ஓடிற்று. லாரிக்காரர் “குடும்பம் கிடையாது” என்று சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு வெறி பிடித்த மாதிரி ஆயிற்று. குடும்பம் இல்லையா? இருக்கிறது, திருட்டுக் குடும்பம், வந்து காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் கழித்து டப்பாவிலிருந்து துணியை எடுத்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்ணாரப்பேட்டை கால் மணி நேரம்கூட இல்லை. அங்கிருந்து ஆட்டோ.

பள்ளிக்கூட வாசலில் ஒரு காவலாளி. புது ஆள். ஒரு சீட்டைக் கொடுத்து எழுதச் சொன்னான். பார்க்க வந்தவர் பெயர், மாணவர் பெயர், வகுப்பு, உறவு, காரணம். ‘உறவு’ என்ற இடத்தில் தங்கை என்று எழுதிக் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“எந்தப் பையனுக்கும்மா நீங்க தங்கச்சி?”

“மாடிப்படிக்குக் கீழ குந்திக்கினு கீறாரே, அந்தப் பையனுக்கு.”

“ஃபாதருக்குத் தங்கச்சி கீதா? மெய்யாலுமா?” என்றான். பொய் சொல்லவில்லை அவன். அவனுக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

அண்ணன் மேஜைமேல் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தார். எதிரே மூன்று பையன்கள். என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்கம்மா, அமருங்கள்” என்றார். பையன்களை வகுப்புக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

“அம்மா துணி தொலையல” என்றேன். “நான்தான் எடுத்து ஒளிச்சேன். குக்கர்ல வச்சேன். உங்க மேல கோவம். நீங்க வரல. எனக்குப் பொறாமை. நாந்தான் எல்லாம் செஞ்சேன், அம்மா உங்களுக்காகத்தான் செத்துக்கினு இருந்துச்சு. அதான் எடுத்தேன்.”

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கண்ணில் தண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தேன், இல்லையென்றால் மன்னிப்புப் பற்றி ஒரு பிரசங்கம். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

“குக்கர்லயா?” என்றார். “திருட்டுக் கழுத. நான் உன் பீரோவுலதான் கீதுன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

எனக்குப் புரியவில்லை.

“இன்னாடி முழிக்கிற? ஐம்பது வருஷமா பசங்களோட பொய்யக் கேட்டுகினு கீறவன் நான். எனக்குத் தெரியாதா? கெடைக்கலன்னு சொல்லச்சொல்ல உன் கை காதுக்குப் போச்சு. அம்மா பெட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கினு காதத் தடவுற.”

என் கையைப் பார்த்தேன். அப்போதும் அது காதுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

அவர் சிரிப்பு அடங்கிற்று. “இன்னான்னு கேப்பேன் பாப்பா? நான் வந்ததே நாலரைக்கு. காலைல நீ போன் போட்டப்ப கட்டுகூடப் பிரிக்கல. நானூறு பசங்க எழுத வராங்கன்னு நின்னுட்டேன். எழுந்து வந்திருக்கலாம், வேற ஆளக் கூப்ட்டுக் குடுத்துட்டு. வந்திருக்கணும். வரல. அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிகினு உங்கிட்டத் துணியக் கேக்கறது?”

பாப்பா. நாற்பத்தாறு வருஷம் கழித்து. நான் அழுதேனா என்றால், அழுதேன். ஆனால் அது முடிவதற்குள் அவர் கையை நீட்டினார். “குடு. கொண்டாந்து கீறல்ல, பையிலதான கீது? குடு. நான் போறப்ப என் கையில கட்டச் சொல்லிடறேன். மேல போயி அம்மா கையில நானே குடுத்துடறேன்.”

அழுகை நின்றுவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது, பழைய எரிச்சல் மளமளவென்று மேலே வந்துவிட்டது. நான் பதினெட்டு வருஷம் தூக்கமில்லாமல் காத்த துணி. அதையும் இவர் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயும் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவார். அம்மா “வாங்க சாமி” என்பாள்.

“தரமாட்டேன்” என்றேன்.

“இன்னாடி?”

“வேணும்னா வூட்டுக்கு வந்து வாங்கிக்கினு போ. நின்னுக்கினே இல்ல. குந்தி, சாப்ட்டு, அப்பறம் வாங்கிக்கினு போ.” ‘போங்க’ இல்லை, ‘போ’ என்று சொன்னதை நான் கவனித்தேன். வாய் அழுகவில்லை.

அவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மணி அடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. என் அண்ணி கூப்பிட்டுவிட்டாள். அவர் எழுந்தார். படிக்கட்டைத் தாண்டிப் போனவர் திரும்பி, “பரீட்சை முடியட்டும், வரேன்” என்றார். நான் பையை இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வருவார் என்று நம்பவில்லை.

ஏப்ரலில் பொதுத்தேர்வு முடிந்த அடுத்த ஞாயிறு, பகல் பன்னிரண்டரைக்குக் கதவு தட்டும் சத்தம். அங்கி இல்லை. வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை, கையில் மெட்ரோ டிக்கெட். “உங்க ஸ்டேஷன்ல லிப்ட் வேல செய்யலடி” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டில் இருந்தது நெத்திலிக் குழம்பும் ரசமும்தான். வஞ்சிரம் வாங்கியிருப்பேனே, சொல்லாமல் வந்தால்? மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாட்டுக்கு நடுவில் நாலு போன் வந்தது, நாலும் பள்ளிக்கூடத்துக் கூட்டம். ஒவ்வொரு தடவையும் நான் கரண்டியைப் பாத்திரத்தில் ‘டங்’ என்று போட்டேன். ஐந்தாவது போனை அவர் எடுக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து, “சரி, துணி எங்க?” என்றார்.

துணி பீரோவில் இருந்தது. இஸ்திரி போட்டு, புது உறையில் வைத்து, கொடுப்பதற்கென்றே எடுத்து மேலேதான் வைத்திருந்தேன். கொடுத்துவிட்டால் மறுபடி எதற்கு வருவார்? அந்த நாலு மாடிக்காரி விடுவாளா?

“தேடிக்கினு கீறேன்” என்றேன். “கெடைக்கல.”

அண்ணன் என் இடது கையைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

“நல்லாத் தேடு. அடுத்த மாசம் வரேன்” என்றார்.